கூடம் கோணல்தான்

ஹார்பர் லைன் பெண்கள் பெட்டியில், மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது ஆளுக்குப் பலகையில் கிடைப்பது ஒரு தொடைக்கான இடம். மற்றத் தொடை நடைபாதைக்குச் சொந்தம். "தோடா சரக்கோ", கொஞ்சம் நகருங்கள் என்று கேட்டால் மூன்று பேரும் மரியாதைக்கு உடம்பை அசைத்துக் காட்டுவார்கள். இடம் மட்டும் அசையாது.

மடியில் பாடத்திட்டம் கிடந்தது. நாலாம் வகுப்பு, கணக்கு, செங்கோணம். சூழலிலிருந்து எடுத்துக்காட்டுகள்: புத்தகத்தின் மூலை, கரும்பலகையின் மூலை, அறையின் மூலை. ஆசிரியர் இவற்றைச் சுட்டிக்காட்டி இது செங்கோணமா என்று கேட்பார். எதிர்பார்க்கப்படும் பதில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் கையெழுத்திலேயே "ஆமாம் டீச்சர்" என்று எழுதி வைத்திருந்தேன்.

சுனாபட்டி தாண்டி வண்டி வழக்கம்போல் காரணம் சொல்லாமல் நின்றது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் ஏன் மூலையைக் காட்ட வேண்டும்? மூலையை அளக்க ஆளுக்கொரு அட்டை மூலைமட்டம் வெட்டிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளே வீட்டுக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்து, செங்கோணங்களை அள்ளிக்கொண்டு வருவார்களே!

துள்ளி எழுந்ததில் என் ஒற்றைத் தொடை இடமும் போயிற்று. வேறொரு பெண்மணி உட்கார்ந்துவிட்டார். நல்ல யோசனைகளுக்கு இந்த நகரம் வாங்கும் வாடகை அது.

எதற்கு இத்தனை பதற்றம்

போன வாரம் இந்தப் பத்தியில் என் தெர்மாகோல் சூரிய மண்டலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகி, தன் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு சூரியன் கிடப்பதாக எழுதியிருக்கிறார். வணக்கம் அக்கா. ஆசிரியர் பயிற்சி படித்த வீடு ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன் பரணில்தான் மறைகிறது.

அந்தச் சூரியனால் என் முதல் பயிற்சிப் பாடம் தேறவில்லை என்பதையும் சொல்லியிருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்காக இன்னொரு முறை: செம்பூரில் பயிற்சிக் கல்லூரி, தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், மேற்பார்வைக்கு எங்கள் கல்லூரி சுபத்ரா மேடம் மாட்டுங்காவிலிருந்து வருவார். இரண்டாவது பாடமும் தேறாவிட்டால் வருடம் போச்சு.

வருடம் போனால் அப்பா என்ன செய்வார் என்பதில் குழப்பமே இல்லை. பை தைக்கிறவர்களுக்கு ஜிப்பும் பக்கிளும் விற்கிற கடை அவருடையது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது. அதன் மேலுறையைக்கூட அப்பா இன்னும் கிழிக்கவில்லை.

மாட்டுங்கா முழம்

அளவை என்றால் எனக்குப் பைத்தியம். காரணம் சுபத்ரா மேடம்தான். ஒருநாள் வகுப்பில், சாண், முழம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் மீட்டர் வந்தது என்றார். அன்று மாலையே மாட்டுங்காவில் பூக்கடை பூக்கடையாக ஏறி இறங்கினேன். பூ வாங்க அல்ல, கை பார்க்க. நெட்டையான பூக்காரரிடம்தான் அம்மா வாங்குவாள். பாடம் படிக்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நெட்டைக்காரர் முழம் போடும்போது முழங்கை பூவோடு சேர்ந்து நகர்ந்துவருவதை நான்தான் கண்டுபிடித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "நீ வேற எதையும் கண்டுபிடிக்காம இருட்டி, தலைக்குப் பூவாவது மிஞ்சட்டும்" என்றாள்.

அப்புறம் எதைப் பார்த்தாலும் அளவுதான். கல்யாண் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இங்கே யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை. ஃபாஸ்ட் வண்டியில் இவ்வளவு நேரம், ஸ்லோ என்றால் கேட்காதே என்பார்கள். தூரத்தைக் கடிகாரத்தால் அளக்கிற ஊர் இது. பரப்பளவு அதைவிட மேல். தாராவியில் எங்கள் சந்தில் வாய்ப்பாடு வராத பிள்ளைக்கும் "டென் பை ஃபிஃப்டீன்" வரும். வீடுகளை இடித்து, அளவு பார்த்துப் புது வீடு தரப்போகிறார்கள் என்ற பேச்சு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடுவதால், ஸ்கொயர் ஃபூட் எங்களுக்கு ஒரு சொந்தக்காரர் மாதிரி. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் அவரைத்தான் விசாரிப்பார்கள்.

ஆனால் பாருங்கள், நீளம் கேட்டார்கள், அகலம் கேட்டார்கள். மூலை நேராக இருக்கிறதா என்று எங்கள் சந்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

டிரம் நகர்ந்தது

மூலைமட்டம் வெட்ட அட்டை வேண்டும். ஜிப் வருகிற பெட்டிகளைக் கடையிலிருந்து அள்ளி வந்தேன். அச்சுக்கு ஒரு நல்ல செங்கோணம் வேண்டும். அதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது.

"நம்ம வீட்டுல மூலைக்கா பஞ்சம்? இந்தச் சந்துலயே நம்ம வீடு ஒண்ணுதான் நெட்டுக்கு நிக்கி. மேஸ்திரி தூக்குக்குண்டு போட்டுல்லா கட்டுனாரு!"

தூக்குக்குண்டைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவள் நான். விருந்தாளி யார் வந்தாலும் தண்ணீருக்கு முன்னால் தூக்குக்குண்டு வந்துவிடும்.

பின்சுவரில் இரண்டு மூலைகள். ஒன்றில் இரும்பு பீரோ. அது சுவரோடு ஒட்டி நின்றதே இல்லை. மூலையோரம் ஓர் இடுக்கு, அதற்குள் சீப்பு விழும், பஸ் டிக்கெட் விழும், எடுக்க முடியாது. பீரோ செய்தவனை அம்மா இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு மூலையில் தண்ணீர் டிரம். உருண்டையான டிரம் எந்த மூலையையும் காட்டிக்கொடுக்காது.

டிரம்மை நகர்த்தினேன்.

"ஏட்டி இசக்கி, தண்ணி வார நேரத்துல டிரம்ம எங்க இழுத்துட்டுப் போற?"

"செங்கோணம் எடுக்கேம்மா."

"எடுத்த எடத்துலயே வச்சிரு."

பெட்டி அட்டையைத் தரையில் படுக்கவைத்து மூலைக்குள் தள்ளினேன். உட்காரவில்லை. ஒரு பக்கம் சுவரைத் தொட்டால் மறுபக்கம் இடித்தது. மூலைக்குப் போய்ச் சேரவே மாட்டேன் என்றது. அப்பா குனிந்து பார்த்தார்.

"அட்டை கோணக்கெடக்குட்டி. ஓரத்துல ஒரு கீத்து வெட்டு."

ஒரு கீற்று வெட்டினேன். இடித்தது. இன்னொரு கீற்று. சொருகினாற்போல் உட்கார்ந்தது. "பாத்தியா!" என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதையே அச்சாக வைத்து வகுப்புக்கு ஆளுக்கொன்றாக வெட்டி, மூலையில் நட்சத்திரம் ஒட்டினேன்.

தொழிற்சாலை இயந்திரம் நேராக வெட்டி அனுப்பிய அட்டையை, எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக வெட்டிக் கோணலாக்கியிருந்தேன். செருப்புக்காகக் காலை வெட்டுவது என்று சொல்வார்களே, அதற்கு நட்சத்திரமும் ஒட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அது தெரியாது. அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டுச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

எல்லாம் கோணல் டீச்சர்

முதல் நாள் அட்டைகளைக் கொடுத்தேன். பெருமை தாங்கவில்லை. "இது சாதாரண அட்டை இல்ல. என் வீட்டு மூலையிலேயே வச்சு வெட்டினது. வீட்டுக்குப் போய் எங்கெல்லாம் இது சரியாப் பொருந்துதுன்னு பார்த்துட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் சுபத்ரா மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்த பெஞ்ச். முழங்கால் முகவாயைத் தொட, மடியில் மதிப்பீட்டுத் தாளை வைத்துக்கொண்டார்.

"ஆரம்பிம்மா. பேப்பர்ல என்ன எழுதியிருக்கியோ அதைப் பண்ணு. போன தடவை மாதிரி வியாழன் கிரகத்துக்கெல்லாம் போயிடாதே."

"யார் வீட்டுல செங்கோணம் இருந்தது?" என்று கேட்டேன்.

ஒரு கையும் எழவில்லை.

"கசம் சே டீச்சர், எங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல" என்றான் இஸ்மாயில். முன்வரிசையில் இருப்பவன். சத்தியம் செய்யாமல் எதையும் சொல்லமாட்டான்.

"எங்க வீட்டு மூலை ரொம்ப குண்டு டீச்சர். அட்டை உள்ள போய் ஆடுது."

"எங்களது ஒல்லி. அட்டை நுழையவே இல்ல."

"எங்க மாமா வீடு அதவிட ஒல்லி!"

அவ்வளவுதான். யார் வீடு அதிகக் கோணல் என்று போட்டியே ஆரம்பித்துவிட்டது. படிக்கட்டு கோணல், பரண் கோணல், டிவி வைக்கிற பலகை கோணல். ஒருத்தி தங்கள் வீட்டில் மூலைகள் மொத்தம் ஐந்து என்று அறிவித்தாள். வகுப்பே அவளைப் பொறாமையோடு பார்த்தது. குறுங்கோணமும் விரிகோணமும் அடுத்த மாதப் பாடம். அதற்குள் ஒல்லியும் குண்டுமாக இரண்டும் வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டன.

எதிர்பார்க்கப்படும் பதில்: ஆமாம் டீச்சர். பின்பெஞ்சில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

நான் அவசரமாகப் பாடத்திட்டத்துக்குள் ஓடினேன். "சரி, வீட்டை விடுங்க. புத்தகத்தோட மூலைல வச்சுப் பாருங்க. அது செங்கோணம்தானே?"

அட்டைகள் புத்தகங்களின் மேல் இறங்கின. செல்வி எழுந்தாள். அளந்து பேசுகிற பெண்.

"டீச்சர், புக்கும் கோணல்."

"என்னது?"

"போர்டும் கோணல் டீச்சர். வர்றப்பவே வச்சுப் பாத்தேன். ஜன்னலும் கோணல்." பின்னால் திரும்பி, மேடத்தின் மடியில் இருந்த தாளின்மீது அட்டையை வைத்தாள். "மேடமோட பேப்பரும் கோணல்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் மட்டுமா, அன்று உலகமே கோணலாகிவிட்டது, என் அட்டை ஒன்றைத் தவிர.

"அட்டைதான் டேடா, அதுதான் கோணல்!" என்று கத்தினான் இஸ்மாயில்.

"போடா, அது டீச்சர் வீட்டு மூலை. அது எப்படி டேடா ஆகும்?"

"டீச்சர் வீடு என்ன பில்டிங்கா? நம்ம சந்துதானே!"

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. சுவர்தான் கோணல் என்று சுவர்க்கட்சி, அட்டைதான் கோணல் என்று அட்டைக்கட்சி. நியாயம் சொல்ல வேண்டியவள் நான். சொல்ல என்னிடம் என்ன இருந்தது? புத்தகம் சரி என்றால், எப்படித் தெரியும்? அட்டை சரி என்றால், எப்படித் தெரியும்? செங்கோணம் என்றால் என்ன என்ற கேள்விக்கு இத்தனை வருடமாக ஒரு மூலையைக் காட்டி இன்னொரு மூலையைப் போல என்று சொல்லியே தேறி வந்திருக்கிறேன். தொண்ணூறு பாகை என்று சொல்லலாம். அளக்கிற பாகைமானி பள்ளிக்கூட பீரோவுக்குள். பீரோ சாவி தலைமையாசிரியரிடம். தலைமையாசிரியர் மீட்டிங்கில்.

ஐந்தாவது ஆள்

கேள்வியைப் பிள்ளைகள்மேலேயே தள்ளிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. "அட்டை சரியா தப்பான்னு வேற எதையும் நம்பாம எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

ஆளுக்கொரு யோசனை. ஓட்டுப் போடலாம் என்றான் ஒருவன். செல்வியின் பெஞ்சைச் சேர்ந்த நான்கு பேர் மட்டும் கீழே இறங்கி, அட்டைகளைக் கூர்முனை உள்ளே வரும்படி தரையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றீங்க?"

"கேக் டீச்சர். நாலு பேருக்குச் சமமா வெட்டுனா நாலு துண்டும் சேந்தா முழு கேக் வரணும்ல?"

எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று நேரானது. ஒரு புள்ளியைச் சுற்றி ஒரே அளவில் நான்கு. இடைவெளியும் இல்லை, ஏறி உட்காருவதும் இல்லை. செங்கோணம் அதுதான். யார் வீட்டு மூலையும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

"சேருங்க, சேருங்க" என்று நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே அச்சில் வெட்டிய நான்கு அட்டைகள். மூன்று சேர்ந்தன. நாலாவதும் சேர்ந்தது. அதற்குப் பிறகும் ஒரு சந்து மிச்சம். நடுவில் ஊசியாகத் தொடங்கி வெளியே விரிந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

"அஞ்சாவது ஆளுக்கு!" என்றான் இஸ்மாயில். "தோடா சரக்கோ!"

வகுப்பு சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு நான்கு புத்தகங்களின் மூலைகளைச் சேர்த்தோம். எறும்பு போக இடமில்லை. அட்டைக்கட்சி பெஞ்ச் தட்டியது. சுவர்க்கட்சியும் சேர்ந்து தட்டியது, எதற்கு என்று தெரியாமல்.

ஒரு காகிதத்தை எடுத்து மடிக்கச் சொன்னேன். மடித்த விளிம்பை அதன்மேலேயே படியவைத்து இன்னொரு மடிப்பு. பிரித்தால் நடுவில் நான்கு மூலைகள், நான்கும் ஒன்று. "இதை எடுத்துட்டுப் போய் வீட்டை மறுபடி பாருங்க" என்பதற்குள் மணி அடித்துவிட்டது.

பென்சில் எழுத்து

சுபத்ரா மேடம் பெஞ்சிலிருந்து தன்னை மெல்லப் பிரித்தெடுத்துக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"இசக்கியம்மாள், ரொம்ப நன்னா இருந்தது. அட்டையை வேணும்னே கோணலா வெட்டிண்டு வந்தியா? இந்த மாதிரி ஒரு டீச்சிங் எய்ட் நான் பார்த்ததே இல்லை."

ஒரு 'ஆமாம் மேடம்' போதும். பாடம் தேறிவிடும். கடை நாற்காலி உறையோடு அப்படியே இருக்கும். வாயைத் திறந்தேன்.

"இல்ல மேடம்," என்றாள் செல்வி பக்கத்திலிருந்து. "அது டீச்சர் வீட்டு மூலை."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்பா சொன்னார் மேடம், தூக்குக்குண்டு போட்டுக் கட்டினதுன்னு."

"தூக்குக்குண்டு சுவர் சாயாம நிக்கறதான்னுதானே சொல்லும்? ரெண்டு சுவரும் எப்படிச் சேர்றதுன்னு அது எப்படிச் சொல்லும்?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு மேற்பார்வையாளர் முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டார். "திட்டத்தில எழுதினது ஒண்ணுகூட நடக்கலை. நோக்கம் நிறைவேறலைன்னுதான் எழுதணும். ஆனா நாலு பேர் தரையில உட்கார்ந்தாளே, அதை எந்தக் கட்டத்தில எழுதறது?"

மதிப்பெண் கட்டத்தில் பென்சிலால் ஏதோ குறித்தார். பேனாவால் எழுதும் இடம் அது.

"அடுத்த வாரம் இன்னொரு பாடம் எடு. பரப்பளவு. அதைப் பார்த்துட்டுத்தான் இதுக்கு மேல மை. உங்க வீட்டையே கொண்டு வா. அதைவிட நல்ல எய்ட் கிடைக்காது."

தேறவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஒற்றைத் தொடை மட்டும் பலகையில்.

பீரோவுக்குப் பின்னால்

வீட்டுக்கு வந்ததும் டிரம்மை நகர்த்தினேன். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மடித்த காகிதத்தை மூலையில் வைத்தேன். இடித்தது.

"பேப்பர் கோணக்கெடக்கு" என்றார் அப்பா, எட்டியே பார்க்காமல்.

பிரித்துக் காட்டினேன். நான்கு மூலைகளையும் ஒன்றின்மேல் ஒன்று படியவைத்துக் காட்டினேன். அப்பா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானே ஒருமுறை மடித்தார். மூலையில் வைத்தார். பிறகு பீரோ இடுக்கைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். இத்தனை காலம் திட்டு வாங்கிய பீரோக்காரன் அந்த நிமிடத்தில் விடுதலையானான்.

"சந்து வளைஞ்சு போவுது. வீடு மட்டும் எப்படி வளையாம நிக்கும்?" என்றார் அப்பா கடைசியில், ஏதோ முதலிலிருந்தே அவர் கட்சி அதுதான் என்பதுபோல். "முன்னால கொஞ்சம் குறுக்கம், பின்னால அகலம். அவ்வளவுதான்."

"நீங்க அகலத்த எங்க வச்சு அளந்தீங்கப்பா?"

பின்சுவரில்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நீளத்தை அந்த அகலத்தால் பெருக்கி வந்த ஸ்கொயர் ஃபூட்டைத்தான் இத்தனை வருடமாக விருந்தாளிகளுக்குச் சொல்லிவந்தோம், தூக்குக்குண்டோடு சேர்த்து.

"அப்போ நம்ம ஸ்கொயர் ஃபூட் கொறையுமாட்டி?" குரல் தணிந்திருந்தது.

"தெரியலப்பா. அளந்து பாத்தாத்தான் தெரியும்."

அளக்கும் விதம்தான் என் அடுத்த பாடம். பழைய செய்தித்தாள்களை அடிக்கு அடி சதுரங்களாக வெட்டப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தரை முழுவதும் பரப்ப வேண்டும். பக்கச் சுவர்களோரம் முழுச் சதுரம் உட்காராது, முக்கோணமும் துண்டுமாகத்தான் மிஞ்சும். அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து முழுச் சதுரமாக்கத் தெரிந்தால் எங்கள் வீட்டின் உண்மையான அளவு வந்துவிடும். செல்வியையும் இஸ்மாயிலையும் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். கூடுமா குறையுமா என்று இஸ்மாயில் இப்போதே சத்தியம் செய்ய ஆரம்பித்துவிட்டான்.

அம்மாவுக்குத்தான் கவலை. சாமானையெல்லாம் எங்கே வைப்பது? டிரம் சந்துக்குப் போகும். கட்டிலை நிமிர்த்தி வைக்கலாம். பீரோ நான் பிறந்ததிலிருந்து நகர்ந்ததில்லை, அதைச் சுற்றி அளந்துகொள்கிறேன் என்றேன்.

அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"பீரோவுக்குப் பின்னாலயும் நம்ம எடந்தாட்டி. அதையும் சேத்து அள."